மறுபிறவி கேட்கும் காதலர்கள்: தாய்லாந்துப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், சாலாயா

பாங்காக்கிலிருந்து மேற்கே, நகோன் பதோம் மாகாணத்தைச் சேர்ந்த சாலாயாவில் தாய்லாந்தின் திரைப்படக் காப்பகம் அமைந்திருக்கிறது. திரைப்பட வரலாற்றாளர் தோம் சுக்வோங்கின் விடாமுயற்சியால் 1984இல் தொடங்கப்பெற்று, 2009இல் பொது அமைப்பாக மாற்றப்பட்ட இந்த இடத்துக்கு நான் வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இந்தப் பிறவியில் பிரிந்தவர்கள் அடுத்த பிறவியில் கூடுவதாகச் சொல்லும் பழைய தாய்லாந்துக் காதல் படங்களின் வேர் எங்கே இருக்கிறது என்பதைப் படங்களிலும், அவை எடுத்துக்கொண்ட கதைகள் இன்றும் வழங்கும் ஊர்களிலும் தேடிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று பார்க்க முடியாது. 1949இல் வந்த ஒரு படத்தின் பெருவெற்றிக்குப் பிறகு, ஏறத்தாழ 1970 வரை, தாய்லாந்துப் படங்களில் மிகப் பல 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டன. செலவைக் குறைப்பதற்காக ரிவர்சல் வகைச் சுருளைப் பயன்படுத்தினார்கள். அதற்குத் தனியாக நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் ஓடிய சுருளே கழுவப்பட்டு, திரையில் ஓடும் படமாகவும் ஆகிவிடும். பாங்காக்கில் ஓடி முடித்த அதே சுருள் மாகாணங்களுக்குப் போய், அங்கிருந்து திறந்தவெளித் திரைகளுக்குப் போய், கீறலும் கிழிசலுமாகத் தேய்ந்து ஒருநாள் இல்லாமல் போனது. மேலும் அந்தப் படங்களில் ஒலி கிடையாது. ஒவ்வொரு காட்சியிலும் குரல் கலைஞர்கள் அரங்கிலேயே அமர்ந்து, நாயகனுக்கும் நாயகிக்கும் வில்லனுக்கும் குழந்தைக்கும் நேரடியாகக் குரல் கொடுத்தார்கள். ஆகவே, எப்படியோ தப்பிப் பிழைத்த சுருள்களிலும்கூட, சாகும் தறுவாயில் நாயகி சொல்லும் வேண்டுதல் நமக்குக் கிடைப்பதில்லை. அவளுடைய உதடுகள் அசைகின்றன. அந்த வாக்கை அன்றிரவு அரங்கில் இருந்தவர்கள் மட்டுமே கேட்டார்கள்.

இதற்கு விதிவிலக்காக நின்றவர் ரத்தனா பெஸ்டன்ஜி. பாங்காக்கில் 1908இல் பார்சி குடும்பத்தில் பிறந்த இவர், மற்றவர்கள் 16 மி.மீ. சுருளில் வேகமாகப் படமெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 35 மி.மீ. சுருளில், ஒலியோடு எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் தயாரித்து ஒளிப்பதிவு செய்த ‘சந்தி வீணா’ 1954இல் தோக்கியோவில் நடந்த தென்கிழக்காசியத் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் விருது பெற்றது. பிறகு அதன் நெகட்டிவ் அழிந்துவிட்டதாகவே பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. பிரிட்டன், ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளின் காப்பகங்களில் படத்தின் நெகட்டிவும் பிரதிகளும் இருப்பது தெரியவந்து, இத்தாலியின் பொலோனியாவில் மீட்டெடுக்கப்பட்டு, 2016இல் கான் விழாவில் திரையிடப்பட்டது.

பார்வையற்ற சந்திக்கும் அவனோடு வளர்ந்த வீணாவுக்கும் இடையிலான அந்தக் காதல், அவன் துறவு பூணுவதில் முடிகிறது. அதில் மறுபிறவிக்கான வேண்டுதல் எதுவும் இல்லை. நான் தேடி வந்த படங்களுக்கு நேர்எதிரான முடிவு அது என்பதால்தான் இங்கே குறிப்பிடுகிறேன். பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவதே குறிக்கோள் என்று போதிக்கும் தேரவாத பௌத்த நாட்டில், காதலர்கள் மட்டும் இன்னொரு பிறவி வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த முரணைத் தாய்லாந்துக் கதைகள் எப்படித் தீர்த்துக்கொண்டன என்பதே இனிவரும் நாட்களில் என் கேள்வியாக இருக்கும்.

புதன், நாங் லோங்

இன்று அதிகம் எழுதுவதற்கில்லை. பழைய பாங்காக்கின் நாங் லோங் சந்தைக்குள், 1918இல் மரத்தால் கட்டப்பட்டு 1993இல் மூடப்பட்ட சாலா சலோம் தானி திரையரங்கை வெளியிலிருந்து பார்த்தேன். குரல் கலைஞர்கள் அமர்ந்து பேசிய காலத்துத் திரையரங்கு எத்தனை சிறியதாக இருந்தது என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்குகிறது. அத்தனை நெருக்கத்தில், பக்கத்திலேயே ஒருவர் விம்மி அழுது பேசும்போது, படத்தில் ஒலி இல்லை என்ற குறை யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்தப் பகுதியில்தான் 16 மி.மீ. காலத்துக் காதல் நாயகன் மித் சாய்பஞ்சா வளர்ந்தார். விமானப்படையிலிருந்து நடிக்க வந்தவர். நடிகை பெச்சரா சௌவராட்டுடன் அவர் இணைந்து நடித்த படங்களே நூற்றைம்பதுக்கும் மேல். 1970 அக்டோபர் 8ஆம் தேதி, பட்டாயாவை அடுத்த கடற்கரையில், ஹெலிகாப்டரிலிருந்து தொங்கிய கயிற்றேணியைப் பிடித்தபடி நடித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்து இறந்தார். விழுந்த இடத்துக்கு அருகில் அவருக்கு ஒரு சன்னதி இருக்கிறது. ஒரு காதல் நாயகன் இறந்தால் அவனுக்கு மாலை போட்டு நிறுத்திவிடாமல், உணவு படைத்து அவனோடு பேசிக்கொண்டே இருக்கும் வழக்கத்தை நாளை இன்னும் விரிவாகப் பார்க்கப்போகிறேன்.

வியாழன், பிரகனோங்

ஒன் நூட் ரயில் நிலையத்தில் இறங்கி, சுகும்விட் 77ஆம் சந்து வழியாகப் போனால், கால்வாய்க் கரையில் வாட் மகாபுட் என்ற கோயிலும், அதன் வளாகத்தில் நாக் அம்மையின் சன்னதியும் வருகின்றன. நாக் கதையைத் தாய்லாந்தில் அறியாதவர் இல்லை. கணவன் மாக் போருக்குப் போயிருக்கும்போது, கருவுற்றிருந்த நாக் பிரசவத்தில் குழந்தையோடு இறந்துபோகிறாள். அவன் திரும்பி வரும்போது, இறந்ததைச் சொல்லாமல், உயிரோடு இருப்பவளைப் போலவே அவனுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பம் நடத்துகிறாள். தரையில் விழுந்த எலுமிச்சையை எடுக்க அவளுடைய கை பலகை இடுக்கின் வழியே நீண்டுகொண்டே போவதைக் கண்டுதான் அவனுக்கு உண்மை தெரிகிறது.

1936இலேயே இக்கதை படமாகிவிட்டது. ஆனால் நாக்கின் முகமாக மக்கள் மனத்தில் பதிந்தவர், 1959ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த பிரீயா ருங்ரூவாங். அந்தப் படத்தின் வெற்றியைத் தொடர்ந்து அடுத்தடுத்துப் பல நாக் படங்கள் வந்தன. 1999இல் நொன்சீ நிமிபுட் எடுத்த படம், அதுவரை பேய்ப்படமாக மட்டும் கருதப்பட்ட கதையை முழுமையான காதல் கதையாக மாற்றியது. அதில் யாராலும் அடக்க முடியாத நாக்கை இறுதியில் சோம்தெட் தோ என்ற மூத்த துறவி அமைதிப்படுத்துகிறார். இவர் கற்பனைப் பாத்திரம் அல்லர். 1788இல் பிறந்து 1872இல் மறைந்த, வாட் ரகாங் மடாலயத்தின் புகழ்பெற்ற துறவி. அவர் நாக்கோடு சண்டையிடுவதில்லை, பேசுகிறார். மாக்குடன் மீண்டும் ஒரு பிறவியில் சேர்ந்து வாழ வேண்டும் என்ற வேண்டுதலோடு அவள் விடைபெறுகிறாள்.

அதாவது, இங்கே துறவியே அந்த வேண்டுதலுக்கு இடம் கொடுக்கிறார். இதைத் திரைக்கதையின் சமரசம் என்று ஒதுக்கிவிட முடியாது. பாலி நூல்களில், நகுலபிதா, நகுலமாதா என்ற வயது முதிர்ந்த தம்பதியர், இனிவரும் பிறவியிலும் ஒருவரை ஒருவர் காண விரும்புவதாகப் புத்தரிடமே சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அவர் அந்த ஆசையைக் கண்டிக்கவில்லை. நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, அறிவு ஆகிய நான்கிலும் இருவரும் ஒத்திருந்தால் அது கைகூடும் என்கிறார். இல்லறத்தாருக்கு இந்த வழி திறந்தே இருந்திருக்கிறது. ஒரே பாத்திரத்திலிருந்து சேர்ந்து பிச்சையிட்டவர்கள் மறுபிறவியிலும் சேர்வார்கள் என்ற தாய்லாந்து வழக்கு இதன் தொடர்ச்சிதான். காலையில் துறவிகளுக்குச் சோறிடும்போது கணவனும் மனைவியும் ஒரே அகப்பையில் கைவைப்பதை இந்த ஊரில் பார்க்கலாம்.

சன்னதிக்குள் நாக்கின் உருவம் பொன்னிழைகள் ஒட்டப்பட்டு மின்னுகிறது. சுற்றிலும் பட்டு உடைகளும், ஒப்பனைப் பொருட்களும், இறந்த குழந்தைக்கான பொம்மைகளும், பால் புட்டிகளும் குவிந்திருக்கின்றன. அவள் பொழுதுபோக்குக்காக ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டு. ஏப்ரல் மாதத்தில் இளைஞர்கள் இங்கே வருவார்கள். கட்டாய ராணுவச் சேவைக்குச் சீட்டுக் குலுக்கும் மாதம் அது. சிவப்புச் சீட்டு எடுத்தவன் படைக்குப் போக வேண்டும், கறுப்புச் சீட்டு எடுத்தவன் வீட்டுக்குப் போகலாம். கணவனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தவித்தவள் தங்களுக்குக் கறுப்புச் சீட்டு வாங்கித் தருவாள் என்பது அவர்களுடைய கணக்கு. லாட்டரி எண் கேட்டு மரப்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், காதலைக் கேட்டு வருபவர்களைவிட எண் கேட்டு வருபவர்களே அதிகம் என்று எனக்கு விளக்கினார். அவர் சொல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்த உண்மைதான்.

இந்தக் கதையின் மறுபக்கம் எனக்குப் பிடித்தமானது. 1899ஆம் ஆண்டு ‘சியாம் பிரபேட்’ இதழில் அதன் ஆசிரியர் குலாப் எழுதிய குறிப்பின்படி, பிரகனோங் ஊர்த்தலைவரின் மகளான நாக் என்ற பெண் கருவுற்ற நிலையில் இறந்தாள். அவளுடைய கணவன் பெயர் சும். அவன் மறுமணம் செய்துகொண்டால் சொத்து பங்குபோய்விடும் என்று அஞ்சிய அவர்களுடைய பிள்ளைகள், பேய் நடமாட்டம் இருப்பதுபோல் நாடகமாடி, கல்லெறிந்து எல்லாரையும் விரட்டினார்கள். 1912இல் இளவரசர் நராதிப் இதை மேடை நாடகமாக்கியபோதுதான் கணவனுக்கு மாக் என்ற பெயர் வந்தது. ஒரு சொத்துத் தகராறு, பதிமூன்றே ஆண்டுகளில் நாடகமாகி, பிறகு திரையில் பிறவிதோறும் தொடரும் காதலாகியிருக்கிறது. கூட்டத்துக்கு எது வேண்டியிருந்ததோ அதைக் கதை கொடுத்திருக்கிறது.

சனி, பனட் நிகோம்

பாங்காக்கின் எக்கமாய் நிலையத்திலிருந்து சோன்புரிக்குப் போய், அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்நோக்கிப் போனால் பனட் நிகோம். மூங்கில் கூடை முடைதலுக்குப் பெயர்பெற்ற ஊர். நான் வந்தது அதற்கு அருகில் உள்ள முவாங் பிர ரோட் என்ற பழைய குடியிருப்பைப் பார்ப்பதற்காக. ஏறத்தாழ ஆறு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலான துவாரவதிக் காலத்து நகரம் அது. மண்மேட்டு மதிலின் எச்சமும் அகழியின் தடமும் வயல்களுக்கு நடுவே இருக்கின்றன. விசித்திர விலங்கின் மேல் நிற்கும் புத்தர் சிலையான பிர பனட்சபோதி இந்தப் பகுதியில் கிடைத்தது. தொல்லியல் துறையினர் துவாரவதி என்று சொல்வதை ஊரார் ரதசேனனின் நகரம் என்று சொல்கிறார்கள். மறுபிறவிக் காதல் கதைகளுக்கெல்லாம் தாய்க்கதை என்று நான் கருதுவது இவனுடையது.

வறுமையால் காட்டில் விடப்பட்ட பன்னிரு சகோதரிகளை ஓர் அரக்கி எடுத்து வளர்க்கிறாள். அவள் யாரென்று தெரிந்து அவர்கள் தப்பியோடி, ஓர் அரசனை மணக்கிறார்கள். அரக்கியும் அழகியாக உருமாறி அதே அரசனுக்கு மனைவியாகி, பன்னிருவரின் கண்களையும் பிடுங்கச் செய்து, அவர்களைக் குகையில் அடைக்கிறாள். கடைசித் தங்கைக்கு மட்டும் ஒரு கண் எஞ்சுகிறது. குகையில் பசி தாங்காமல், தங்களுக்குப் பிறந்த குழந்தைகளையே தின்கிறார்கள். கடைசித் தங்கையின் மகன் ரதசேனன் மட்டும் பிழைக்கிறான். அவன் வளர்ந்ததும், மருந்து கொண்டுவரச் சொல்லி அவனைத் தன் நகரத்துக்கு அனுப்பும் அரக்கி, வந்ததும் கொன்றுவிடு என்று வளர்ப்பு மகள் மேரீக்கு எழுதிய ஓலையையும் அவனிடமே கொடுத்துவிடுகிறாள். வழியில் ஒரு முனிவர் அதை, வந்ததும் மணந்துகொள் என்று திருத்தி எழுதுகிறார்.

மணம் நடக்கிறது. மேரீயைக் குடிக்க வைத்து, தாய்மாரின் கண்கள் இருக்குமிடத்தை அறிந்துகொண்டு, அவள் உறங்கும்போது ரதசேனன் குதிரையேறிப் புறப்பட்டுவிடுகிறான். விழித்தெழுந்தவள் துரத்தி வருகிறாள். அவளைத் தடுப்பதற்காக மந்திர மருந்துகளை வீசுகிறான். அவை மலைகளும் ஆறும் ஆகின்றன. கடக்க முடியாத நீருக்கு அக்கரையில் நின்று அழுது மேரீ உயிர்விடுகிறாள். விடும்போது அவள் சொல்வதுதான் முக்கியம். இந்தப் பிறவியில் நான் உன்னைத் தொடர்ந்து வந்தேன், அடுத்த பிறவியில் நீ என்னைத் தொடர்ந்து வர வேண்டும்.

மறுபிறவியில் சேர வேண்டும் என்று அவள் கெஞ்சவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் கேட்பது நியாயம். இன்று நான் ஓடினேன், நாளை நீ ஓடு என்கிறாள். பின்னாளில் வந்த படங்கள் இந்தச் சபதத்தின் கூர்மையை மழுக்கி, கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டன என்று எனக்குத் தோன்றுகிறது. இதே கதை கம்போடியாவிலும் லாவோஸிலும் உண்டு. கம்போங் சினாங்கில் படுத்திருக்கும் பெண்ணைப் போன்ற மலை அவளுடைய உடல் என்றும், லுவாங் பிரபாங்கில் மேகோங் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள இரண்டு குன்றுகள் அந்த இருவருமே என்றும் சொல்கிறார்கள். எல்லா இடங்களிலும் அவள் நிலத்தின் பகுதியாகி அங்கேயே கிடக்கிறாள். கடனை வசூலிக்கும் இரண்டாம் பாகத்தைப் பார்க்கத் தெற்கே போக வேண்டும். இரவு ரயிலுக்கு முன்பதிவு செய்துவிட்டேன்.

வெள்ளி, பத்தலுங்

தாய்லாந்தின் தென்பகுதியில் நோரா என்று வழங்கும் நடன நாடகத்தை 2021இல் யுனெஸ்கோ மானுடத்தின் கலைமரபுப் பட்டியலில் சேர்த்தது. பெயரே மனோராவிலிருந்து வந்தது. பாதி மனிதரும் பாதி பறவையுமான கின்னரரின் உலகத்து இளவரசி அவள். ஆறு சகோதரிகளோடு நீராட வந்தவளை வேடன் பூன் நாகபாசத்தால் பிடித்து இளவரசன் சுதோனிடம் ஒப்படைக்கிறான். அவன் போருக்குப் போயிருக்கும்போது அவளைப் பலியிடச் சூழ்ச்சி நடக்க, அவள் சிறகுகளைக் கேட்டு வாங்கிப் பறந்துவிடுகிறாள். சுதோன் அவளைத் தேடி ஏழு ஆண்டு, ஏழு மாதம், ஏழு நாள் நடக்கிறான். மேரீயின் சபதம் நிறைவேறுவது இந்த நடையில்தான் என்பது மரபு. ரதசேனனே சுதோன், மேரீயே மனோரா.

இங்கே ஒரு கிராமத்தில், குருமாரை அழைத்து நடத்தும் நோரா சடங்கு புதன்கிழமை தொடங்கி இன்று முடிந்தது. இது பார்வையாளருக்கான நிகழ்ச்சி அல்ல. ஒரு குடும்பம் தன் முன்னோர்க்குச் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடன். தற்காலிகக் கொட்டகையில், மணிகள் கோத்த உடையும் பறவை வாலும் வளைந்த நீண்ட நகங்களும் அணிந்தவர்கள் ஆட, இறந்துபோன குருமாரும் பாட்டன் பாட்டிமாரும் குடும்பத்தார் மேல் இறங்கி வருகிறார்கள். சிவப்பு முகமூடி அணிந்த வேடன் பூன் இடையிடையே வந்து கேலி பேசுகிறான். சடங்கின் ஒரு கட்டத்தில் பன்னிரண்டு கதைகளைச் சுருக்கமாக ஆடிக் காட்டுகிறார்கள். அவற்றில் முதலாவது சுதோனும் மனோராவும், அடுத்தது ரதசேனனும் மேரீயும். முற்பிறவி இரண்டாவதாகவும் மறுபிறவி முதலாவதாகவும் வருவதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவில்லை.

அந்தக் கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மனோராவுக்கு மேரீயின் நினைவு இல்லை. சுதோன் தான் எதற்காக நடக்கிறோம் என்பதை அறியாமலே நடக்கிறான். கடன் இருப்பது பார்ப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். நம்முடைய மணிமேகலையில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்கே மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் சேர்க்க, புத்த பீடிகையின் முன்னால் அவளுக்கு முற்பிறவி முழுவதும் விளங்குகிறது. தன்னை விரும்பும் உதயகுமரன்தான் அப்போது கணவனாக இருந்த இராகுலன் என்பதை அறிந்துகொள்ளும் அவள், அந்த அறிவாலேயே காதலிலிருந்து விலகித் துறவின் பக்கம் நகர்கிறாள். அதே கடல் தெய்வம் தாய்லாந்தில் மெக்கலா என்ற பெயரில், கையில் மணியைச் சுழற்றி மின்னலை உண்டாக்குபவளாக வாழ்கிறது. ஆனால் இந்த நாட்டுக் காதலர்களுக்கு அது எந்தப் பிறவியையும் காட்டிக்கொடுப்பதில்லை. நினைவு வந்துவிட்டால் துறவு வந்துவிடும். நினைவில்லாமல் இருப்பதால்தான் கதை இன்னொரு பிறவிக்கு நீள்கிறது.

இந்த இரண்டு கதைகளும் இந்நாட்டுத் துறவிகள் பாலியில் தொகுத்த ஐம்பது ஜாதகங்களில், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகளில், இடம்பெற்றவை. ஜாதக முறைப்படி, நாயகன் பின்னாளில் புத்தராகப் போகும் போதிசத்துவர் என்றும், அவன் மனைவி பிற்காலத்தில் சித்தார்த்தனை மணந்த யசோதரை என்றும் முடிவில் அடையாளம் சொல்லப்படும். அப்படியானால் மேரீ உறங்கும்போது ரதசேனன் குதிரையேறிப் போனதும், கபிலவஸ்துவில் யசோதரை உறங்கும்போது சித்தார்த்தன் குதிரையேறிப் போனதும் ஒரே ஆளின் செயல்கள் ஆகின்றன. இடையில் சுதோனாக நடந்து தீர்த்த கடன் கடைசிப் பிறவியில் மறுபடியும் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சபதம் எதுவும் செய்யவில்லை. தலைமுடி மழித்துப் பிக்குணியாகி, அவர் சென்ற வழியிலேயே சென்றாள் என்று மரபு கூறுகிறது. எல்லாப் பிறவிகளுக்கும் சேர்த்து யார் யாரை அதிகம் தொடர்ந்தார்கள் என்று கணக்கிட்டால், மேரீயின் பக்கமே நிலுவை நிற்கிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூத்த நோரா ஆட்டக்காரரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாக இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அதனால்தான் நாங்கள் சுதோன் நடக்கும் கதையை முதலில் ஆடுகிறோம் என்றார்.